கைத்துப்பாக்கியைப் பிடிக்கும் முறையும் விடாத பழைய பழக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரிமம் பெற்ற சுடுதளங்களில் பயிற்சி பெறுபவர்களும், பல ஆண்டுகளுக்கு முன், தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும் ரிவால்வரில் பழகிவிட்டு, இப்போது, ஸ்லைடு என்னும் மேல்பகுதி தானே பின்னே போய்த் திரும்பி அடுத்த தோட்டாவை ஏற்றும் தானியங்கி பிஸ்டலுக்கு மாறுபவர்களும் கேட்கும் கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இரு கைப் பிடியின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் நிகழ்ந்தது என்பதால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. வலது கையால் சுடுபவரை மனத்தில் வைத்து விடைகள் எழுதப்பட்டுள்ளன. இடது கைக்காரர்கள் பக்கங்களை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

குறி பார்ப்பதுதானே முக்கியம்? பிடிப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

பெரும்பாலான பிஸ்டல்களில், குறி பார்ப்பதற்காக மேலே உள்ள முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான். அந்தச் சிறிய இடைவெளியில் முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கில் குண்டு ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் தள்ளிப் படும்; 25 மீட்டரில் அது 16 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். குறியை அருமையாக ஒருங்கமைத்த ஒருவர் விசையை (ட்ரிக்கரை) அழுத்தும் கடைசி நொடியில் கையை இறுக்கினால், அந்த ஒரு மில்லிமீட்டர் விலகல் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே பிடியின் முதல் வேலை, ஆள்காட்டி விரல் தன் வேலையைச் செய்யும்போது துப்பாக்கி அசையாமல் பார்த்துக்கொள்வது. பின்னுதைப்பைத் தாங்கி, அடுத்த சுடுதலுக்குக் குறியை அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது அதன் இரண்டாவது வேலை. இந்த இரண்டு வேலைகளுக்கும் உதவாத பிடி, பார்ப்பதற்கு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், பயனற்றது.

பழைய ஒளிப்படங்களில் எல்லோரும் ஒரு கையை நீட்டித்தானே சுடுகிறார்கள்? அவர்களுக்கு இரு கைகளின் பயன் தெரியாதா?

அவர்களுக்கு மற்றொரு கை ஓய்வாக இருக்கவில்லை. கைத்துப்பாக்கி நெடுங்காலம் குதிரைப்படையின் ஆயுதமாக இருந்தது. இடது கையில் கடிவாளம் இருக்கும். 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற கோல்ட் ரிவால்வரின் வளைந்த பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சுட்டதும் அந்தப் பிடி உள்ளங்கையில் மெல்ல உருண்டு மேலெழும். அப்படி எழும்போது, தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்துக்கு வரும். அதே கையின் கட்டைவிரலால் அதைப் பின்னிழுத்து அடுத்த குண்டுக்கு ஆயத்தமாகலாம். அந்த வடிவமைப்பு முழுவதுமே ஒரு கைக்கானது. 1911இல் ஏற்கப்பட்ட புகழ்பெற்ற .45 பிஸ்டலும் குதிரைப்படையின் தேவைகளை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது.

போட்டிகளும் இந்தப் பழக்கத்துக்கு வலுச் சேர்த்தன. ஒருவரை ஒருவர் எதிர்கொண்டு நின்று சுட்ட பழைய மரபிலிருந்து பக்கவாட்டில் திரும்பி நிற்கும் நிலை வந்தது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும், 1907 முதல் ஒகாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டிகளிலும் ஒரு கைச் சுடுதலே நெறியாக இருந்தது. அமெரிக்கக் காவலர்களுக்குப் பயிற்சி அளித்தவர்கள் பலரும் இந்தப் போட்டிகளிலிருந்து வந்தவர்கள்; ஆகவே குதிரை போன பிறகும் குதிரைக்காரனின் பிடி தொடர்ந்தது. பழைய பழக்கம் ஒவ்வொன்றுக்கும் அதன் காலத்தில் நல்ல காரணம் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தக் காரணம் இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

அப்படியானால் இரு கைப் பிடி எப்போது, யாரால் பரவியது?

இரண்டு கைகளால் துப்பாக்கியைப் பிடித்தவர்கள் எல்லாக் காலத்திலும் ஆங்காங்கே இருந்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஃபேர்பேர்னும் சைக்ஸும், மிக அருகிலுள்ள ஆபத்துக்கு ஒரு கையையும், நேரமும் தொலைவும் கூடும்போது இரு கைகளையும் பயன்படுத்தக் கற்பித்தனர். ஆனால் அமெரிக்கக் காவல் பயிற்சி அவர்களிடமிருந்து பெரிதும் எடுத்துக்கொண்டது, குனிந்து நின்று இடுப்பருகிலிருந்து குறி பாராமல் சுடும் பகுதியைத்தான்.

திருப்பம் 1950களின் பிற்பகுதியில் வந்தது. கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பகுதியில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் கடற்படைப்பிரிவு அதிகாரி, துப்பாக்கியை உறையிலிருந்து விரைந்து உருவிச் சுடும் போட்டிகளை நடத்திவந்தார். வந்தவர்கள் எல்லோரும் இடுப்பிலிருந்தே சுட்டு, வேகமாகத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் காவல் துணை அதிகாரியான ஜாக் வீவர் மட்டும், ஒரு நொடியின் சிறு பகுதியைக் கூடுதலாகச் செலவிட்டு, ரிவால்வரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, இரு கைகளாலும் பிடித்து, குறியைப் பார்த்துச் சுட்டார், வெல்லவும் தொடங்கினார். கூப்பர் இதைக் கவனித்து, தம் பயிற்சி முறையின் நடுவில் வைத்தார். 1976இல் அரிசோனாவில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வழியாகவும், அதே ஆண்டு மிசூரியின் கொலம்பியா நகரில் அவர் தலைமையில் உருவான பன்னாட்டுப் போட்டி அமைப்பின் வழியாகவும் இரு கைப் பிடி உலகெங்கும் பரவியது.

வீவர் நிலை சிறந்ததா, முக்கோண நிலை சிறந்ததா?

வீவர் நிலையில் உடல் சற்றுச் சாய்வாகத் திரும்பியிருக்கும், முழங்கைகள் மடிந்திருக்கும், வலது கை முன்னே தள்ள, இடது கை பின்னே இழுக்கும். இந்த எதிரெதிர் இழுபறியால் துப்பாக்கி நிலைபெறுகிறது. முக்கோண நிலையில் மார்பு இலக்கை நேரே பார்த்திருக்கும். இரு கைகளும் சமமாக முன்னே நீண்டிருக்கும். 1980களின் தொடக்கத்தில் ராப் லேத்தம், பிரையன் ஈனோஸ் என்னும் இரு அரிசோனாப் போட்டியாளர்கள் இந்த இரண்டாம் முறையைச் செம்மைப்படுத்தி, முழங்கையைச் சற்றே தளர்த்தி, உடல் எடையை முன்பாதத்தில் வைத்துத் தொடர்ந்து வென்றபோது, போட்டிக் களம் அவர்கள் பக்கம் சாய்ந்தது.

புதிதாகத் தொடங்குபவர் முக்கோண நிலையில் தொடங்கலாம் என்பதே என் கருத்து. தள்ளும் வலுவும் இழுக்கும் வலுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருந்தால்தான் வீவர் நிலை சரியாக வேலை செய்யும். களைத்த கையால் அந்தச் சமநிலையைக் காப்பது கடினம். இரு பக்கமும் ஒத்த அமைப்பில் பின்னுதைப்பு நேராக மேலெழுந்து நேராகக் கீழிறங்குகிறது. இருபது ஆண்டுகளாக வீவர் நிலையில் நன்றாகச் சுடும் ஒருவர், தோள் வலியோ வேறு தடையோ இல்லாதவரை, அதைக் கைவிட வேண்டிய தேவை ஏதும் இல்லை.

தானியங்கி பிஸ்டலைப் பிடிக்க இன்று எப்படிக் கற்பிக்கிறார்கள்?

துப்பாக்கி காலியாக இருப்பதை, தோட்டாக்களை வைத்திருக்கும் மேகசினை அகற்றி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதிசெய்த பிறகே இதைப் பழக வேண்டும்.

முதலில் வலது கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவை, பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே, ஸ்லைடுக்கு அடியில் நீண்டிருக்கும் நாக்குப் பகுதியை ஒட்டி அமர வேண்டும். குழலின் அச்சுக்கும் கைக்கும் இடையே உயரம் குறையக் குறைய, சுடும்போது முனை மேலே துள்ளுவதும் குறையும். மேற்சொன்ன 1873 ரிவால்வரில் தாழப் பிடிப்பதும், சுண்டுவிரலைப் பிடிக்கு அடியில் மடித்துக்கொள்வதும் பலருக்கு வழக்கமாக இருந்தது. பிடி உருள வேண்டிய துப்பாக்கி அது. பிஸ்டலில் அந்தத் தாழ்ந்த பிடி, முனையைத் துள்ளவிடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. பழைய .45 பிஸ்டலை உயரப் பிடித்தவர்களின் கவையைச் சுத்தியல் கடித்துவிடும் என்பதும் தாழப் பிடிக்கும் பழக்கத்துக்கு ஒரு காரணம். 1920களின் நடுவில் அந்தப் பிஸ்டலைத் திருத்தியமைத்தபோது, பின்புற நாக்கை நீட்டியதும், விசையைக் குட்டையாக்கியதும் இத்தகைய குறைகளைத் தீர்ப்பதற்காகத்தான்.

அடுத்து இடது கை. வலது கை பிடித்த பிறகும் பிடியின் இடப்பக்கத்தில் ஒரு வெற்றிடம் தெரியும். இடது உள்ளங்கையின் அடிப்பகுதி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். விரல்கள் வலது கை விரல்களின் மேல் சுற்றி அமரும். இடது ஆள்காட்டி விரல் விசை வளையத்தின் அடிப்பகுதியில் மேல்நோக்கி அழுந்தியிருக்கும். இடது மணிக்கட்டு சற்று முன்னே சாய்ந்து, விரல்கள் கீழ்நோக்கிச் சரிவாக இலக்கைப் பார்த்திருக்கும். இந்தச் சாய்வை விட்டுவிடுபவர்கள் மிகப் பலர். ஆனால் மணிக்கட்டைப் பூட்டி முனையின் துள்ளலை அடக்குவதில் பெரும்பங்கு அதற்கே உண்டு.

இரு கட்டைவிரல்களும் இலக்கை நோக்கி நீண்டிருக்கும். அவை ஸ்லைடை அழுத்தக் கூடாது. ஸ்லைடைப் பின்னே நிறுத்தும் நெம்பின் மேல் படிந்திருக்கவும் கூடாது. கடைசித் தோட்டா தீர்ந்த பின்னும் ஸ்லைடு பின்னே நிற்காமல் மூடிக்கொள்கிறது என்று துப்பாக்கியைக் குறை சொல்பவர்கள், முதலில் தம் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

ரிவால்வரில் கட்டைவிரல்களைக் குறுக்கே பூட்டிப் பழகிவிட்டேன். பிஸ்டலிலும் அப்படியே பிடிக்கலாமா?

வலது கட்டைவிரலின் பின்புறமாக இடது கட்டைவிரலைக் கொண்டுபோய்க் குறுக்கே பூட்டும் பிடியைப் பிஸ்டலில் பயன்படுத்தக் கூடாது. பின்னோக்கிப் பாயும் ஸ்லைடு அந்த விரலையோ அதன் கவையையோ கிழித்துவிடும். காயம் ஆழமாக இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிஸ்டலில் பழகியவர்கள், இரு கட்டைவிரல்களையும் முன்னே நீட்டும் பிடியை ரிவால்வருக்குக் கொண்டுபோகக் கூடாது. ரிவால்வரின் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் வழியே மிகுந்த அழுத்தத்தில் கொதிக்கும் வாயுவும் உலோகத் துகள்களும் பக்கவாட்டில் பீறிடும். 2003இல் ஸ்மித் அண்ட் வெஸன் அறிமுகப்படுத்திய .500 போன்ற பெருந்திறன் ரிவால்வர்களில் அந்த இடைவெளிக்கு அருகே விரலை வைத்தால், விரலையே இழக்க நேரிடலாம். ரிவால்வரில் கட்டைவிரல்களைக் கீழே மடக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டுவதுதான் சரி. ஆகவே அந்தப் பழைய பழக்கத்தை மறக்க வேண்டாம். கையில் இருப்பது எது என்று பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

இடது உள்ளங்கையில் பிஸ்டலின் அடிப்பகுதியை ஏந்திக்கொள்வது தவறா?

தவறு என்பதைவிட, வீண் என்று சொல்லலாம். அந்த ஏந்தல், துப்பாக்கியின் எடையைச் சுடுவதற்கு முன் தாங்குகிறது. எடை ஒருபோதும் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. சுட்டதும் துப்பாக்கி மேலே எழும்போது, அடியில் விரித்து வைத்த உள்ளங்கையிலிருந்து அது விலகிப் போய்விடும். மேல்நோக்கிய அசைவைக் கீழிருந்து ஏந்தி நிறுத்த முடியாது. வலது மணிக்கட்டை இடது கையால் பற்றிக்கொள்ளும் பழைய வழக்கமும் இதே குறையுடையது. திரைப்படங்களும் தொலைக்காட்சியும் இவ்விரண்டையும் இன்னும் உயிரோடு வைத்திருக்கின்றன.

விசை வளையத்தின் முன்பகுதி வளைந்தும் சொரசொரப்பாகவும் இருக்கிறதே, அது இடது ஆள்காட்டி விரலை வைக்கத்தானே?

ஆம், அதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டது. 1980களில் அந்தப் பழக்கம் பரவலாக இருந்தது. 1985இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற பெரெட்டா பிஸ்டலின் வளையத்தில் அந்த உள்வளைவைக் காணலாம். ஆனால் ஒரு விரலை முன்னே அனுப்பினால், மற்ற மூன்று விரல்களின் பிடி தளர்கிறது. அந்த ஒற்றை விரலின் இழுப்பு முனையைப் பக்கவாட்டில் திருப்பவும் செய்யும். நீளமான விரல்கள் உடைய சிலர் இப்படிப் பிடித்தும் சிறப்பாகச் சுடுகிறார்கள். பெரும்பாலானோருக்கு அந்த விரல் வளையத்தின் அடியில் இருப்பதே நல்லது.

எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும்?

வலது கை நாற்பது பங்கு, இடது கை அறுபது பங்கு என்று பயிற்றுநர்கள் சொல்வது அளந்து எடுத்த கணக்கு அன்று. திசையைக் காட்டும் குறிப்பு. அதன் பொருள் இதுதான்: விசையை அழுத்த வேண்டிய கை மிகவும் இறுகியிருந்தால், ஆள்காட்டி விரல் தனித்து அசையும் திறனை இழக்கிறது, இடது கைக்கு அந்தச் சுமை இல்லாததால், இறுக்கத்தின் பெரும்பகுதியை அது ஏற்கலாம். கை நடுங்கத் தொடங்கும் வரை இறுக்கி, நடுக்கம் நிற்கும் வரை தளர்த்துவது பழைய அறிவுரை. இன்றும் அது பயன்படுகிறது.

அளவைவிட முக்கியமானது, அது மாறாமல் இருப்பது. விசையை அழுத்தும்போது ஆள்காட்டி விரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து, பசுவின் மடியைக் கறப்பதுபோல ஒன்றாக மூடிக்கொள்வதே வலது கைக்காரர்களின் குண்டுகள் இலக்கின் இடது கீழ்ப்பக்கத்தில் குவிவதற்கான பொதுவான காரணம். அப்படிக் குவிவதைக் கண்டதும் பின் குறியைத் திருகி நகர்த்துபவர்கள் உண்டு. கையில் இருக்கும் பிழையை இரும்பில் திருத்த முடியாது.

என் பிஸ்டலில் தோட்டாக்கூடு அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. வேறொருவர் சுட்டால் சிக்குவதில்லை. ஏன்?

மணிக்கட்டு தளர்ந்திருக்கக்கூடும். ஸ்லைடு முழுத் தொலைவும் பின்னே போய், காலிக்கூட்டை வெளியேற்றி, புதிய தோட்டாவை ஏற்றித் திரும்ப வேண்டுமானால், ஸ்லைடைத் தாங்கும் கீழ்ப்பகுதியான சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு வளைந்து சட்டகமும் சேர்ந்து பின்னே நகர்ந்தால், ஸ்லைடுக்குக் கிடைக்க வேண்டிய ஆற்றலின் ஒரு பகுதி வீணாகிறது. எடை குறைந்த நெகிழிச் சட்டகப் பிஸ்டல்களில் இது கூடுதலாகத் தெரியும். ரிவால்வர்க்காரர்களுக்கு இது புதிய அனுபவம். ரிவால்வரின் உருளையைச் சுழற்றுவது விரலின் வலிமைதான் என்பதால், தளர்ந்த கையும் அங்கே மன்னிக்கப்படும்.

முன்பெல்லாம் விசையில் விரலை வைத்தபடியேதானே நின்றார்கள்? இப்போது ஏன் இத்தனை கண்டிப்பு?

பழைய படங்களில் அப்படித்தான் இருக்கிறது. விசையை அழுத்தும் ஒரே அழுத்தில் சுத்தியல் பின்னே போய் விழும் இரட்டைச் செயல் ரிவால்வரின் கனத்த, நீண்ட விசை ஓரளவு பாதுகாப்பாக இருந்தது. அதை நம்பியும் பலர் விபத்துக்குள்ளானார்கள். குறி இலக்கில் படியும் வரை விரல் விசைக்கு வெளியே, சட்டகத்தின் பக்கவாட்டில் நீண்டிருக்க வேண்டும் என்ற விதியைக் கூப்பர் தம் நான்கு பாதுகாப்பு விதிகளில் ஒன்றாக வைத்தார். கால் இடறும்போதும், திடுக்கிடும்போதும், ஒரு கையின் விரல்கள் இறுகினால் மற்றக் கையின் விரல்களும் தாமாகவே இறுகக்கூடும். இந்த ஒரு பழக்கத்தில் மட்டும் பழையவர்களுக்கு எந்தச் சலுகையும் தர நான் ஆயத்தமாக இல்லை. முனையை வானத்தை நோக்கித் தோளருகே நிமிர்த்தி வைக்கும் குதிரைப்படைக் காலத்து நிலையும் கைவிடப்பட வேண்டியதே. சுடுதளத்தில் முனை எப்போதும் இலக்குத் திசையிலேயே இருக்க வேண்டும்.

காலிக்கூடுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சுட்டதால் காவலர் ஒருவர் இறந்தார் என்ற கதை உண்மையா?

1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹால் அருகே நெடுஞ்சாலைக் காவலர்கள் நால்வர் சில நிமிடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர், சுடுதளத்தைத் தூய்மையாக வைப்பதற்காகப் பழக்கியிருந்தபடி, காலிக்கூடுகளைக் கையில் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார் என்று பல பத்தாண்டுகளாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்பட்டது. பின்னாளில் ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்தவர்கள், அவருடைய கூடுகள் தரையில் கிடந்ததாகக் கண்டனர். கதை சுட்டும் ஆபத்து உண்மையானது: பயிற்சியில் வசதிக்காகச் செய்வது நெருக்கடியிலும் தானாக வரும். அதனால்தான் அந்நிகழ்வுக்குப் பின் காவல் பயிற்சியும், ரிவால்வரை விரைந்து நிரப்பும் கருவிகளின் பயன்பாடும் மாறின. ஆனால் அந்தப் பாடத்தைச் சொல்ல, கடைசி வரை போராடிய ஒருவர் செய்யாத பிழையை அவர்மீது ஏற்றத் தேவையில்லை.

ஒலிம்பிக்கில் இன்றும் ஒரு கையால்தானே சுடுகிறார்கள்?

ஆம், அங்கே அது விதி. பன்னாட்டு விதிகளின்படி பிஸ்டலை ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும். மணிக்கட்டு எந்த ஆதாரமும் இன்றித் தெளிவாகத் தெரிய வேண்டும். 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலின் விசை எடை குறைந்தது 500 கிராம். துப்பாக்கியின் எடை 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். பின்னுதைப்பு மிகச் சிறிது என்பதால், துப்பாக்கியை அடக்கும் இறுக்கம் அங்கே தேவையில்லை. கைக்கு ஏற்பச் செதுக்கிய மரப்பிடியில் கை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அமர்வதே அங்கே முழு நோக்கம்.

2024 பாரிஸ் போட்டியில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் வைத்துச் சுட்டது உலகெங்கும் வியப்பாகப் பேசப்பட்டது. இந்த விளையாட்டில் அது வழக்கமான செயல்தான்: தொங்கும் கை ஊசலாடினால் உடல் அசையும் என்பதால் அதைப் பையிலோ இடைவாரிலோ நிறுத்திவைக்கிறார்கள். அவர் வெள்ளி வென்ற அதே கலப்பு அணிப் பிரிவில் இந்தியாவின் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றார்கள்.

பல ஆண்டுப் பழக்கத்தை உண்மையிலேயே மாற்ற முடியுமா?

ஹங்கேரியின் கரோலி டாகாச் இதற்குத் தெளிவான விடை. ராணுவ வீரரான அவருடைய வலது கை 1938இல் கையெறி குண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடது கையால் முதலிலிருந்து கற்றுக்கொண்டு, 1948 லண்டனில் 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் பிரிவில் உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். 1952 ஹெல்சிங்கியில் மீண்டும் வென்றார். கட்டைவிரலை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்துவது அதைவிடக் கடினமாக இருக்க முடியாது.

மாற்றத்தைச் சுடுதளத்தில் தொடங்க வேண்டாம். வெடியோசையும் பின்னுதைப்பும் இருக்கும் இடத்தில் கை பழையதையே தேடும். தோட்டா எதுவும் இல்லாத அறையில், காலியான துப்பாக்கியோடு, ஒவ்வொரு முறையும் பிடியை முழுமையாகக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடித்துப் பழக வேண்டும். கையை எடுக்காமல் விசையை மட்டும் நூறு முறை அழுத்துவதால் பிடி மாறாது. ஒரே நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் திருத்துங்கள். பிறகு தளத்தில், நண்பர் ஒருவரைக் கொண்டு மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு இடையே போலித் தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் கலந்து வைக்கச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் விசை விழும்போது முனை கீழே குதித்தால், கை இன்னும் பின்னுதைப்பை எதிர்பார்த்து முந்துகிறது என்று பொருள். முனை அசையாமல் நிற்கத் தொடங்கும் வரை, நாளொன்றுக்குப் பத்து நிமிட வெற்றுப் பயிற்சியே போதும். தோட்டாக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அதற்குப் பிறகுதான்.